மிளா மலை ரோஜாக்கள்

சமவெளியில் பிறந்தவனுக்கு மேட்டைக் கண்டால் ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை உண்டு. தூத்துக்குடிச் சீமைக்காரனுக்கு அந்த ஆசை சற்று அதிகம் என்றே சொல்லலாம். எங்கள் பக்கத்தில் மலை என்பது மேற்கே வெகு தூரத்தில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு நீலக் கோடு. மற்றபடி கடற்கரை, உப்பளம், பனங்காடு, வாழைத் தோட்டம் எல்லாம் ஒரே மட்டம். சாயர்புரத்தில் நின்றுகொண்டு ஊரை உயரத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் பனை ஏற வேண்டும். அல்லது கோயில் மணிக்கூண்டில் ஏற வேண்டும். பனை ஏற எனக்குத் தெரியாது. மணிக்கூண்டில் ஏறக் கோயில்குட்டியார் சம்மதிக்க மாட்டார்.

இருந்தாலும் உதகமண்டலத்துக்கு நான் போனது மேடு ஏறுவதற்காகவும் அல்ல, ரோஜாப்பூப் பார்ப்பதற்காகவும் அல்ல. போப்பையர் போன வழியைப் பார்த்து வரலாமே என்றுதான் புறப்பட்டேன். ஜி. யு. போப் என்றால் திருக்குறளையும் திருவாசகத்தையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்த ஆக்ஸ்போர்டுப் பெரியவர் என்றுதான் தமிழ்நாடு அறியும். எங்களுக்கு அவர் ஊர்க்காரர். 1842-ல், இருபத்திரண்டு வயது வாலிபராகச் சாயர்புரத்துக்கு வந்தவர். சாயர் என்ற வணிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங்கிக் கொடுத்த நிலத்தில் எழுந்த ஊர் அது. பனங்காட்டுக்கு நடுவே கலாசாலை ஒன்றைத் தொடங்கி, பனையேறிகளின் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணத்தோடு கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக் கொடுத்தார் போப். பிரம்பை அவர் தாராளமாகப் பயன்படுத்தினார் என்பதும் ஊர் மறக்காத சங்கதி. 1962-ல் சாயர்புரத்தில் அவர் பெயரால் ஒரு கல்லூரியே எழுந்தது. சாயர்புரத்தை விட்டபின் தஞ்சாவூரில் சில காலம் இருந்தார். 1850-களின் இறுதியில் நீலகிரிக்குப் போனார். அங்கே பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். பனங்காட்டிலிருந்து பனிக்காட்டுக்குப் போன அந்த மனிதர் அங்கே என்னதான் செய்தார் என்று அறிய எனக்கு வெகு நாளாக ஆவல்.

என்னோடு வந்தவர் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறியது முதல் அவருக்குக் குளிர் பயம். ஊட்டியில் இறங்கி, ஒரு நாள் முழுவதும் பழைய கட்டடங்களைச் சுற்றியபின், மறுநாள் காலை ரோஜாத் தோட்டத்துக்குப் போகலாம் என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்து ரோஜாப் பூவா பாக்கணும், தம்பி? நம்ம வீட்டு முற்றத்துல இல்லாத ரோஜாவா?" என்றார்.

"அண்ணாச்சி, பூவைப் பார்க்க வேண்டாம். அங்கே நின்றால் ஊர் தெரியும். ஊரைப் பார்ப்போம்" என்றேன். ஒப்புக்கொண்டார்.

அரசு ரோஜாத் தோட்டம் எல்க் ஹில் என்னும் மலைச்சரிவில், விஜயநகரம் என்ற பகுதியில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,200 மீட்டர். உதகையில் 1896-ல் தொடங்கிய மலர்க்காட்சியின் நூற்றாண்டு நினைவாக 1995-ல் இதை அமைத்தார்கள். பரப்பு நான்கு ஹெக்டேர். நம் கணக்கில் பத்து ஏக்கர். சரிவை வளைவு வளைவாக ஐந்து படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் பாத்தி கட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரோஜா வகைகள். 2006-ல் ஜப்பானில் ஒஸாகா நகரத்தில் கூடிய உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு, சிறந்த தோட்டம் என்று இதற்குப் பரிசு கொடுத்தது. தோட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பதற்கென்று நிலா மாடம் என்ற மேடை ஒன்றும் உண்டு. பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசிகர். தமிழ்நாட்டுச் சர்க்கார் கட்டடங்களில் இவ்வளவு அழகான பெயர் அபூர்வம்.

எல்க் ஹில் என்ற பெயர் என்னை நிறுத்திவிட்டது. எல்க் என்பது குளிர் தேசத்து மான். நீலகிரியில் அது ஒருநாளும் இருந்ததில்லை. துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரர்கள் இங்கே பெரிய கொம்புடைய ஒரு மானைக் கண்டு, தங்களுக்குத் தெரிந்த பெரிய மானின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார்கள். அந்த மானைத்தான் தமிழில் கடமான் என்கிறோம். திருநெல்வேலிப் பக்கத்தில் மிளா. ஆக, இது மிளா மலை. அப்படிச் சொல்லிப் பார்த்ததும் இந்த மலை எனக்குச் சற்று நெருங்கி வந்தது போல இருந்தது.

தோட்டத்தைப் பற்றி அதிகம் வர்ணிக்கப் போவதில்லை. ரோஜாவை வர்ணித்துப் புகழ் பெற்றவர்கள் ஏற்கனவே ஏராளம். வெள்ளை முதல் கருஞ்சிவப்பு வரை எல்லா நிறமும் இருந்தன. இலையோ பூவோ என்று மயங்க வைக்கும் பச்சை ரோஜாவும் அங்கே உண்டு. சின்னக் குழந்தையின் சட்டைப் பொத்தான் அளவில் பூக்கும் செடிகள் ஒரு பக்கம், பந்தலில் ஏறிக் கொட்டும் கொடிகள் ஒரு பக்கம். பாத்திகளில் நட்ட பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். உலக ரோஜாக்களின் பெயர்களே ஒரு சரித்திரப் புத்தகம்: அரசிகள், நடிகைகள், சேனாபதிகள், யாரோ ஒரு நாற்றங்கால்காரரின் மனைவி! அண்ணாச்சி பலகைகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் துரைமார் வீட்டுக் கலியாணப் பத்திரிகை மாதிரி இருக்கே" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ரோஜா நமக்கு வந்து சேர்ந்த பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்கினார். மலையில் பூப்பவை, சுனையில் பூப்பவை எதையும் விடவில்லை. அந்த வரிசையில் ரோஜா இல்லை. 'ரோஜா' என்ற சொல்லே போர்த்துக்கீசியரின் 'ரோஸா' என்பார்கள். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை இவை வந்த வழியில், முத்துக்குளித்துறைக்கு வந்த கப்பல்களில் அதுவும் வந்திருக்கலாம். ஐரோப்பாவின் ரோஜாவும் சுத்த சுயம்பு அல்ல. பெரும்பாலான ஐரோப்பிய ரோஜாக்கள் முன்காலத்தில் வருஷத்துக்கு ஒரு பருவம் பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதையடுத்தும், தேயிலை ஏற்றிவந்த வணிகக் கப்பல்கள் சீனத்து ரோஜாச் செடிகளையும் கொண்டுபோயின. மீண்டும் மீண்டும் பூக்கும் குணம் அவற்றோடு ஐரோப்பாவுக்குப் போயிற்று. இரண்டும் கலந்து, 1867-ல் பிரான்ஸ் தேசத்தில் 'லா பிரான்ஸ்' என்ற ரோஜா பிறந்தது. கடையில் நாம் வாங்குகிற நீளக் காம்பு ரோஜா அந்தக் குலத்தின் பேரன் பேத்திதான். எனவே, தோட்டத்தில் பூத்திருந்தது அசல் இங்கிலீஷ் பூவும் அல்ல, பாதிச் சீனம்.

மேல் படியில் நின்று திரும்பியபோது ஊர் தெரிந்தது. மரங்களுக்கிடையே கீழே கீழே இறங்கும் ஓட்டுக் கூரைகள். அவற்றை நெருக்கிக்கொண்டு புதிய கான்கிரீட் மாடிகள். அப்பால் பச்சையும் நீலமுமாக மலை அடுக்குகள். சில பனிக்குள் மறைந்தன, சில வெளிவந்தன. அழகான காட்சிதான். ஆனால் ஊர்களைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உயரத்திலிருந்து அழகாகத் தெரிகிற எந்த ஊரும் தன் கதையை அங்கிருந்து சொல்லாது. மதுரையை யானைமலையிலிருந்து பார்த்தாலும் கோபுரம்தான் தெரியும். கோபுரத்துக்குக் கல் சுமந்தவன் தெரியமாட்டான்.

உதகையின் வயது இருநூறு என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறினார், 1822-ல் கல் பங்களா கட்டத் தொடங்கினார், பிறகு ஏரி வெட்டினார், ஊர் பிறந்தது. இதுதான் கதைச் சுருக்கம். அந்தக் கல் பங்களா இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதற்கு முன்பு? 1812-ல் சர்வே செய்ய இரண்டு பேர் வந்தார்கள். 1818-ல் சல்லிவனின் உதவியாளர்கள் இரண்டு பேர் ஏறி வந்து, மேலே குளுகுளுவென்று ஒரு தேசமே இருக்கிறது என்று சொன்னார்கள். இன்னும் பின்னால் போனால் 1603-ல் பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வந்தார். மலைக்கு மேலே மறந்துபோன பழைய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவர், எருமை வளர்க்கும் தோடர்களையும் பயிர் செய்யும் படகர்களையும் கண்டு திரும்பினார். அவர் வந்தது முத்துக்குளித்துறையில் தமிழில் புத்தகம் அச்சிட்ட அதே சபையிலிருந்து என்பது எங்கள் சீமைக்காரன் கவனிக்க வேண்டிய செய்தி.

ஆக, யாரும் இல்லாத மலையை யாரும் கண்டுபிடிக்கவில்லை. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்று ஆட்கள் இருந்தார்கள். ஊர்ப் பெயரே அதற்குச் சாட்சி. தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஒத்தைக்கல் மந்து என்பதுதான் உதகமண்டு ஆயிற்று என்று சொல்வதுண்டு. 1821-ல் சென்னைப் பத்திரிகைக்கு வந்த ஒரு கடிதத்தில் 'வோட்டோகிமண்டு' என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அது ஊட்டகமண்டு, ஊட்டி, உதகமண்டலம். கடைசிப் பெயரில் வடமொழியின் தண்ணீரும் வட்டமும் வந்து உட்கார்ந்துகொண்டன. தோடனின் மந்து அடியில் போய்விட்டது.

சல்லிவனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் தோடர்களிடமிருந்து அவர் நிலம் வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் வாங்கியது என்ற வார்த்தையே பெரிய வார்த்தை. மலை தோடர்களுடையது, அதை எடுத்தால் அவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். மேய்ச்சல்காரனுக்குப் புல்லின் மேல் பாத்தியதை உண்டே தவிர நிலத்தின் மேல் ஏது என்று எதிர்க்கட்சி பேசியது. 1827-ல் சென்னைக் கவர்னராக வந்த லஷிங்டன் சல்லிவனுக்கு ஒத்துப்போகவில்லை. 1830-ல் மலையின் பெரும் பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபார் ஜில்லாவோடு சேர்த்தார்கள். 1843-ல்தான் திரும்பி வந்தது. சல்லிவன் தாமே இங்கே பெரிய நிலச்சொந்தக்காரராகவும் இருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. தோடனுக்காகப் பேசிய வாயும் அவருடையதுதான். தோடனின் புல்வெளியில் உருளைக்கிழங்கு போட்ட கையும் அவருடையதுதான். மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள், கலெக்டர்கள் உட்பட.

முதல் நாள் பார்த்த செயின்ட் ஸ்டீபன் கோயிலின் உத்தரங்கள் நினைவுக்கு வந்தன. 1829-ல் அடிக்கல் நாட்டி, மறு வருஷம் பிரதிஷ்டை செய்த கோயில். அதன் பெரிய மர உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. தோற்ற சுல்தானின் கூரை, வென்றவர்களின் கோயிலுக்குக் கூரையாயிற்று. கோயில் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். அந்தக் கல்லின் முன் அண்ணாச்சி வெகு நேரம் நின்றார். காரணம் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

இனிப் போப்பையரிடம் வருகிறேன். அவர் வந்தபோது ஊட்டி துரைமாரின் ஊராக நன்றாக ஊன்றிவிட்டது. தாவரத் தோட்டம் மக்ஐவர் என்ற நிபுணரின் கையில் 1848 முதல் வளர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸும் வாட்டிலும் புல்வெளிகளில் வேர் பிடித்துவிட்டன. தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனா வந்துகொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் வெளியூர். இந்தச் சூழ்நிலையில் தமிழ்ப் பண்டிதரான ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் காதைத் தீட்டிக்கொண்டு தோடர் பேச்சைக் கேட்டார். 1873-ல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி தோடரைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். மண்டையைத் தடவிக் குணம் சொல்லும் கபால சாஸ்திரத்தில் அவருக்குப் பெரிய நம்பிக்கை. தோடர்களின் தலைகளை அளந்து ஏதேதோ எழுதினார். அந்த அளவுகளை இன்று யாரும் சீந்துவதில்லை. ஆனால் அதே புத்தகத்தில் போப் எழுதிச் சேர்த்த தோட மொழி இலக்கணச் சுருக்கம் மட்டும் பிழைத்துக்கொண்டது. தலையை அளந்தவர் மறைந்தார். நாக்கைக் கேட்டவர் நிலைத்தார் என்று அண்ணாச்சி இதற்கு வியாக்கியானம் செய்தார். பழைய தலைமை ஆசிரியர் அல்லவா!

போப்பின் இலக்கணம் மிகச் சிறியது, குறைகள் உள்ளது. தோட மொழியில் தமிழ்க் காதுக்குப் பிடிபடாத ஒலிகள் பல. ஊதுவது போலவும் உரசுவது போலவும் மெய்யெழுத்துகள். நாம் 'ர', 'ற' என்று இரண்டோடு திருப்தி அடையும் இடத்தில் அவர்களுக்கு நாக்கு மூன்று விதமாக அதிரும். ஆனால் அது எங்கிருந்தோ வந்த மொழி அல்ல, தமிழுக்கும் கன்னடத்துக்கும் உறவுள்ள திராவிட மொழி. தோடர்கள் யூதர்கள், ரோமர்கள், தொலைந்துபோன ஏதோ ஒரு கோத்திரம் என்றெல்லாம் வெள்ளைக்காரர்கள் கதை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள் என்று மொழி சொல்லியது. போப்புக்கு முன்பே கால்டுவெல் 1856-ல் தம் ஒப்பிலக்கணத்தில் தோட மொழியைத் திராவிடக் குடும்பத்தில் சேர்த்திருந்தார். அவரும் இடையன்குடிக்காரர், அதாவது எங்கள் பக்கம். சென்னையிலிருந்து கால்நடையாகவே தெற்கே வந்த அவர், வழியில் இந்த ஊட்டியில்தான் 1841-ல் குருப்பட்டம் பெற்றார். தேரிக்காட்டுப் பாதிரியார்கள் இரண்டு பேர் நீலகிரி மேய்ப்பர்களின் மொழிக்குச் சாட்சி சொன்னார்கள் என்பதில் எனக்கு ஒரு சொந்தக்காரனின் பெருமை உண்டு.

பிற்காலத்தில் எமனோ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1935 முதல் மூன்று வருஷம் இங்கே தங்கி, தோடர்களின் பாடல்களைக் கேட்டு எழுதினார். 1971-ல் அந்தப் பாடல்கள் தடித்த புத்தகமாக வந்தன. 1984-ல் இலக்கணம் வந்தது. அந்த மக்களின் பாட்டில் மந்து, எருமை, குன்று, ஓடை எல்லாம் பெயரோடு வரும். நிலா மாடத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த மேடுகளுக்கெல்லாம் வேறு ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. என் கையில் இருந்த வரைபடத்தில் எல்க் ஹில், சார்லஸ் வில்லா என்ற மாதிரிப் பெயர்கள்தான் இருந்தன.

மலைச்சரிவில் ரோஜாத் தோட்டம் அமைத்துக் கீழே பழைய நகரத்தைப் பார்க்கும் யோசனை ஊட்டிக்கு மட்டும் தோன்றியதல்ல. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக்கு மேலே 1865-ல் ஒரு தோட்டம் போட்டார்கள். ரோமாபுரியில் அவென்டைன் குன்றில் இன்னொன்று. அங்கே நான் போனதில்லை; படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எதிரே பழைய சக்கரவர்த்திகளின் அரண்மனை இடிபாடுகள் தெரியுமாம். ரோமின் அந்த இடம் 1645 முதல் யூதர்களின் கல்லறை நிலமாக இருந்தது. 1934-ல் கல்லறைகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். யுத்தம் முடிந்தபின், 1950-ல் நகரசபை அங்கே ரோஜாத் தோட்டம் போட விரும்பியபோது யூத சமூகத்தாரின் சம்மதம் கேட்டது. சம்மதம் கிடைத்தது. அதற்குப் பதிலாகத் தோட்டத்து நடைபாதைகளை யூதர்களின் ஏழு கிளை விளக்கின் வடிவத்தில் அமைத்தார்கள். வாயிலில் ஒரு கல்லையும் நட்டு, இது இன்னாருடைய நிலமாக இருந்தது என்று தெரியும்படி செய்தார்கள். வருஷத்தில் சில வாரங்களே திறந்திருக்கும் அந்தத் தோட்டத்தில் பூ பார்க்கப் போகிறவன், தெரிந்தோ தெரியாமலோ அந்த விளக்கின் மேல்தான் நடக்கிறான்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "இங்க எருமைக் கொம்பு மாதிரி ஒரு பாதை போட்டிருக்கலாமே" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எருமையே தோடனுக்குச் செல்வம், பால்மனையே கோயில். நினைத்துப் பார்த்தால் அந்த வளைந்த படிகளுக்குக் கொம்பின் வளைவு பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

புறப்படும்போது பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "இந்த மலையிலேயே பிறந்த ரோஜா ஒன்று உண்டு என்கிறார்களே, தெரியுமா அம்மா?" என்று கேட்டேன்.

"காட்டு ரோஜாவா சார்? அது சோலை ஓரத்தில் ஏறிக் கிடக்கும். வெள்ளைப் பூ. முள்ளு சட்டையைக் கிழிச்சிடும், பார்த்துப் போங்க" என்றாள்.

ஆம், நீலகிரிக்கென்று ரோஜா ஒன்று இருக்கிறது. பழனி மலைப் பக்கமும் உண்டு. ஐந்தே இதழ், வெள்ளை நிறம், நடுவில் மஞ்சள் கேசரம், பெரிய கொடியாக மரத்தின் மேல் ஏறும். கபிலர் பட்டியலில் அது இடம் பெறவில்லை. ரோஜா முழுக்க வந்து சேர்ந்த பூ என்று சற்று முன் சொன்னதற்கு இது விலக்கு. கப்பலில் வந்தது தோட்டத்து ரோஜா. கொடியில் ஏறியது இந்த மண்ணின் ரோஜா. இதற்குத் தாவர நூலில் உள்ள பெயர் என்ன தெரியுமா? 'ரோஸா லெஷனோல்தியானா'. லெஷனோல்த் என்பவர் பிரெஞ்சு தேசத்துத் தாவர சாஸ்திரி. 1819-ல் சல்லிவனோடு நோயாளியாக மலைக்கு வந்து, குளிர் காற்றில் தேறி எழுந்தவர். இரண்டு பேர் சேர்ந்து 1834-ல் அவர் பெயரை இந்தப் பூவுக்குச் சூட்டினார்கள். அவர்களில் ஒருவர் ராபர்ட் ஒயிட் என்ற கம்பெனி வைத்தியர். தென்னாட்டுச் செடி கொடிகளை ஆயிரக்கணக்கில் படம் போட்டு அச்சிட்டவர். படம் போட்டது அவர் கை அல்ல. ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டுச் சித்திரக்காரர்கள். ஒயிட் நன்றி மறக்காத மனிதர். ஓர் ஆர்க்கிட் செடிக்குக் 'கோவிந்தூயா' என்று தம் சித்திரக்காரரின் பெயரையே வைத்தார். பின்னால் வந்த சாஸ்திரிகள் அது வேறொரு இனத்தில் அடங்கும் என்று தீர்மானித்து அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். லெஷனோல்த் பெயர் மட்டும் இருக்கிறது. பெயர்களுக்கும் அதிர்ஷ்டம் வேண்டும் போலும்.

அன்று பிற்பகல் வாடகைக் காரில் ஊருக்கு வெளியே போனோம். ஒரு சோலையின் ஓரத்தில், சாலைக்குச் சற்று மேலே அந்தக் கொடி பூத்திருந்தது. தோட்டத்து ரோஜாவைப் பார்த்த கண்ணுக்கு அது எளிய பூ. நம் ஊர்க் கடைத்தெருவில் மாலையாகக் கட்ட யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் கொடி முழுவதும் வெள்ளையாக, பச்சை இருட்டின் மேல் யாரோ சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. முள்ளைப் பற்றி அந்த அம்மாள் சொன்னது அட்சர சத்தியம்.

அப்பால் புல்சரிவில் எருமைகள் மேய்ந்தன. சிவப்பும் கறுப்பும் பின்னல் வேலை செய்த வெள்ளைப் போர்வை போர்த்துக்கொண்டு ஒரு தோடப் பெரியவர் நின்றார். பூத்துக்குளி என்று பெயர் அந்தப் போர்வைக்கு. கும்பிடு போட்டோம்; அவரும் தமிழிலேயே நலம் விசாரித்தார். எங்கள் ஊர் எது என்று கேட்டார். தூத்துக்குடிக் கடற்கரை என்றதும், "உப்பு வர்ற ஊரா?" என்றார். ஆமாம் என்றேன். எருமைக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கும் சடங்கு அவர்களுக்குண்டு; அதனால் உப்பு அவருக்கு அறிமுகமான சங்கதி.

கொடியைக் காட்டி, "இந்தப் பூவுக்கு உங்கள் பாஷையில் என்ன பெயர், ஐயா?" என்று கேட்டேன்.

ஒரு சொல் சொன்னார். பாக்கெட்டிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன். படித்துக் காட்டினேன். அவர் தலையை அசைத்தார். இல்லை என்று அர்த்தம். இன்னொரு விதமாக எழுதினேன், அதுவும் இல்லை. அடித்துவிட்டு மூன்றாம் தடவை எழுதினேன். நடுவில் நாக்கு அதிரும் இடத்துக்கு என்னிடம் எழுத்து இல்லை. அண்ணாச்சி பக்கத்தில் வந்து, தலைமை ஆசிரியர் தோரணையில், "இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க" என்றார். பெரியவர் கோலைப் புல்லில் ஊன்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலப் பொறுமையாக, மறுபடியும் சொன்னார்.